சக்களத்திக்கு ஊட்டிய கை

செமின் கிரனியே கிராமத்திலிருந்து

வேலாயுதத்துக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் உடம்பு, உன் வேலை, நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண், எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவது எதுவும் ஆசீர்வாதம் மாதிரி இருக்காது. உன் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் என்றால் மழை, கரும்பு, மாடு என்று மூன்று வரியில் முடிந்திருக்கும். இது அவர் சொல்லி எழுதுவதில்லை. அவர் வயலுக்குப் போயிருக்கிறார். அரைக்க வேண்டியதை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போர் லூயியிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. உன் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, வாசித்துக் காட்டியது நான்தான் என்பது உனக்கும் தெரியும். "கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பூவாடைக்காரி படையல் முறையாக நடக்க வேண்டும். அம்மாவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று அத்தையைக் கேட்டுச் செய்யுங்கள். பாதபூஜைக்கு அப்பா பக்கத்தில் அத்தையே உட்காரட்டும். சின்னம்மாவுக்குச் சிரமம் வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். தடுமாறாமல் வாசித்தேன். சிரமம் என்ற சொல்லை உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், சிலேட்டில், உன் கையைப் பிடித்து. உன் அப்பா, "சரி, வேற என்ன எழுதிருக்கான்?" என்று கேட்டார். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

பூவும் பொட்டுமாகப் போனவளை வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கும்போது முதலில் கூப்பிட்டு, புதுச்சேலை வைத்து, படைத்து, அவள் வாழ்த்திய பிறகுதான் மற்றவர்களுக்கு எதுவும் என்பது எனக்குத் தெரியாததா? என் பிறந்தகம் குட்லண்ட்ஸிலும் அதே வழக்கம்தான். நீ எழுதாவிட்டாலும் செய்திருப்பேன். ஆனால் எனக்குப் பொறாமை, வேலு. இதை மடித்து மறைத்து எழுத எனக்கு வரவில்லை. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுகிறவளை ஊர் என்ன பேசும் என்று தெரியும், பேசட்டும். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் என்றைக்காவது குழம்பில் உப்பை அள்ளிப் போடுவாள், பிள்ளையை ஓங்கி ஓர் அடி அடிப்பாள், முகம் சுளிப்பாள், வயசாகிப் பல் விழும். செத்தவள் ஒரு தப்பும் செய்யமாட்டாள். உன் அம்மா அஞ்சலை வைத்த குழம்பு இந்த வீட்டில் இன்னும் ஆறவில்லை. நான் தினமும் வைக்கும் குழம்பு அன்றன்றைக்கு ஆறிப்போகிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பால்பல் விழுந்து முளைக்கும் வயசு. வடக்கே குட்லண்ட்ஸில் ரயிலேறி, தெற்கே சூயாக்கில் இறங்கி, மாட்டுவண்டியில் வந்தேன். கிளம்பும்போது என் அம்மா சொல்லியனுப்பினாள்: "கவலைப்படாதடி. ஊரான் புள்ளய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்." நல்ல பழமொழிதான். ஊரான் பிள்ளை வாயைத் திறந்தால்தானே ஊட்ட முடியும்? தட்டில் போட்டதைத் தின்பாய். போடாவிட்டால் எழுந்து போவாய். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, போதும் என்று கையைக் குறுக்கே நீட்டியதும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து உன் அத்தை, "எங்க புள்ள எவ்ளோ அடக்கம், பாரு!" என்று மெச்சுவாள். அடக்கமாம். அடுத்த வீட்டில் விருந்துக்குப் போன பிள்ளைதான் அப்படிச் சாப்பிடும். தன் பிள்ளை என்று எனக்கு ஒன்று வரவும் இல்லை, அதை இங்கே எழுதி என்ன பயன்.

அந்த வருஷம் லெச்சிப் பழம் சிவக்கிற காலத்தில் கொண்டைக்குருவிகள் வந்து மரத்தை மொய்த்தன. இந்த ஊரில் எல்லோரும் கொண்டே என்று சொல்கிறார்களே, அதுதான். தலையில் கூராக ஒரு கொண்டை, கன்னத்தில் சிவப்பு. பாடுவதைக் கேட்டால் மனசு இளகும், பழத்தைக் கொத்துவதைப் பார்த்தால் வயிறு எரியும். உன் அப்பா பலாப்பாலைக் காய்ச்சிக் குச்சிகளில் தடவிக் கிளைக்குக் கிளை கட்டினார். ஒட்டிக்கொண்டு படபடத்த ஜோடியைப் பிடித்துக் கழுத்தைத் திருகி எறிந்தார். பழம் விற்றுப் பிழைக்கிறவர்கள் செய்வதுதான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜோடிக்கு நம் மூங்கில் வேலியில் ஒரு கூடு இருந்தது. மத்தியானம் நீதான் சத்தம் கேட்டுக் கண்டுபிடித்தாய். இறகு முளைக்காத இரண்டு குஞ்சு, கண்கூட முழுசாகத் திறக்கவில்லை. அவற்றைக் கடைக்குக் கொண்டுபோகும் ஓலைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாய். பைக்குள் மெத்தைக்கு உன் அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழிந்த ஒரு துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாய். குஞ்சுகளைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தச் சேலையைத்தான் பார்த்தேன்.

என்னிடம் கேட்காமல் நீயே கரண்டியில் தண்ணீர் எடுத்து ஒரு குஞ்சின் வாயில் ஊற்றினாய். பாசத்தில்தான் ஊற்றினாய். அது மூச்சுத் திணறி, கழுத்தை நீட்டி, உன் உள்ளங்கையிலேயே போய்விட்டது. நீ அழவில்லை. கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாய், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பது போல. நான் வாங்கிக்கொண்டேன். "தண்ணி ஊத்தக் கூடாதுடா. அதுக்கு வேண்டிய தண்ணி பழத்துலயே இருக்கு" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் குட்லண்ட்ஸில் நான் ஒரு மைனாக் குஞ்சை வளர்த்திருக்கிறேன் என்று சொன்னேன். நம்பாத முகத்தோடு மிச்சமிருந்த குஞ்சை என் பக்கம் நகர்த்தினாய்.

பையை அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படும்படியும் புகை படாதபடியும் மாட்டினேன். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு, பழுத்த பப்பாளி, மூன்றையும் பிசைந்து, ஓர் ஈர்க்கின் நுனியை மழுக்கி அதில் துளி எடுத்துப் பையின் விளிம்பில் தட்டினேன். உனக்கு நினைவிருக்கிறதா? கழுத்தே நிற்காத அந்தப் பிறவி ஆடி ஆடி எழுந்து வாயைப் பிளந்தது பார், உள்ளே செக்கச்செவேல் என்று. உடம்பு முழுவதும் வாயாகிவிட்டது. யாருடைய கை, பெற்றவளுடையதா, இரண்டாம் தாரத்துடையதா என்று அது கேட்கவில்லை. இந்த வீட்டில் எனக்காகத் திறந்த முதல் வாய் அது. நாக்குக்குப் பின்னால் வைத்ததும் விழுங்கிவிட்டு மறுபடியும் பிளந்தது. நான் சிரித்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு நமக்குள் நடந்தது போட்டிதான், இல்லை என்று சொல்லாதே. விடிந்ததும் உனக்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன் என்று, நீ கோழி கூவும் முன்னே எழுந்து அடுப்படிக்கு வருவாய். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவாய். கரும்பு வெட்டிய வயலில் வெட்டுக்கிளி பிடித்து, கால், சிறகெல்லாம் ஒடித்து, இலையில் மடித்துக் கொண்டுவருவாய். என்னைப் போலவே நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடக் கற்றுக்கொண்டாய். குருவி உனக்கும் திறந்தது, எனக்கும் திறந்தது. எனக்குக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. பொய்யில்லை, வேண்டுமானால் உன் அப்பாவைக் கேள். அதைப் பார்த்து உன் உதடு கோணிக்கொள்ளும், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். ஆனாலும் நீயும் நானும் தலையும் தலையும் முட்டப் பேசிக்கொண்டதெல்லாம் அந்தப் பைக்கு மேல் குனிந்துதான். "மாவு கெட்டியா இருக்கு." "இன்னிக்கு எச்சம் தண்ணியா இருக்கு, பழத்தைக் கொறைங்க." நாம் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இறகு முளைத்தது, பையை விட்டு வெளியே வந்தது, துணிக்கொடியில் உட்கார்ந்தது. தலையில் கொண்டை நிமிர்ந்தது. பிறகு கன்னத்தில் சிவப்புத் துளிர்த்தது. அன்றைக்கு உன் அத்தை வேலியைத் தாண்டி வந்து பார்த்தாள். பார்த்ததும் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இங்க வந்து பாரு அண்ணே! தலையில கொண்டை, கன்னத்துல குங்குமம்! அஞ்சலை வந்துட்டா. புள்ளைய வுட்டுட்டு இருக்க முடியாம வந்துட்டா. சே வ்ரே, நான் பொய் சொல்லல, அந்தக் கண்ணைப் பாரு!" இந்தத் தீவில் உள்ள கொண்டே எல்லாவற்றுக்கும் கன்னத்தில் குங்குமம்தான், அத்தனை அஞ்சலையா என்று கேட்க வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். மறுநாள் நான் தண்ணீர்க்குடத்தோடு உள்ளே நுழையும்போது நீ அதற்கு ஊட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்: "தின்னும்மா."

என் இடுப்பிலிருந்த குடம் நழுவப் பார்த்தது. மஞ்சள் கருவும் மாவும் பிசைந்தவள் நான். அடுப்புப் பக்கத்தில் பையைத் திருப்பித் திருப்பி வைத்துச் சூடு பார்த்தவள் நான். கடைசியில் என் கையால் ஊட்டி ஊட்டி நான் வளர்த்தது சக்களத்தியை! செத்தும் போகாமல் சிறகு முளைத்து வந்து, என் துணிக்கொடியில் உட்கார்ந்து, என் ஈர்க்கிலேயே தின்றுகொண்டு, நான் கேட்டறியாத அந்த ஒரு சொல்லையும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் குருவியை ஒன்றும் செய்யவில்லை, அம்மியைத்தான் தேய்த்தேன். அரைத்த மிளகாய் வெண்ணெய் மாதிரி இருந்தது.

ஆனால் குருவி கெட்டுக்கொண்டிருந்தது, வேலு. கன்னம் சிவந்த பறவை இன்னும் குஞ்சு மாதிரி சிறகை நடுங்க வைத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே பப்பாளித் துண்டு கிடக்கும். அதைக் கொத்தாது, அதன்மேல் ஏறி நின்று நம்மைப் பார்த்துக் கத்தும். நீ பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாய், அம்மாவுக்கு யார் ஊட்டுவார்கள் என்று. உன் அத்தை, "பெத்தவளுக்குப் புள்ள ஊட்டுறான், குடுத்து வச்சவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குஞ்சுக்கு ஊட்டுவது ஒரு வேலை என்றால், ஊட்டாமல் நிறுத்துவது அதைவிடப் பெரிய வேலை. காலையில் ஊட்டக்கூடாது, வயிறு காலியாக இருக்க வேண்டும், தீனியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு நாம் கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும். தாய்க்குருவியே வாயில் புழுவை வைத்துக்கொண்டு கொடுக்காமல் தள்ளித் தள்ளிப் போகும். அது தெரியாமல் விட்டால், யார் கையைக் கண்டாலும் வாய் பிளந்துகொண்டு போகும் குருவியை முதல் பூனை கொண்டுபோய்விடும்.

அதனால்தான் நான் ஈர்க்கை அடுப்பில் போட்டு எரித்தேன். பொறாமையில் எரித்தேனா, குருவிக்காக எரித்தேனா என்று நீ கேட்பாய். இரண்டுக்கும்தான். பொறாமைக்காரி செய்தால் சரியான காரியம் தப்பாகிவிடுமா? சுவர்மேல் ஒரு தட்டில் பப்பாளியும் வாழைப்பழமும் நறுக்கி வைத்தேன். நீ வந்து பார்த்துவிட்டு, "அம்மாவைப் பட்டினி போடுறீங்க!" என்று கத்தினாய். உன் அத்தை வேலிமேல் ஏறாத குறையாக, "எளையா வந்து மூத்தாளை வெரட்டுறா, எல்லாரும் பாத்துக்கங்க!" என்று தெருவுக்கே சொன்னாள். உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டார். நீ சொன்னாய்: "அது சாப்பிடாம நானும் சாப்பிட மாட்டேன்." சோற்றைப் போட்டுத் தட்டை உன் முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டாய். சரி என்று தட்டை மூடி அடுப்போரம் வைத்துவிட்டு நானும் சாப்பிடாமல் உட்கார்ந்தேன். மூன்று பேரும் பட்டினி.

குருவி கொடியிலிருந்து உன் தோளுக்கு, உன் தோளிலிருந்து என் மடிக்கு, மடியிலிருந்து தட்டுக்கு என்று அலைந்தது. கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனது. என் கை தானாக நீண்டது, இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொண்டேன். கடைசியில் ஏதோ தவறுதலாகப் பட்டுவிட்டது போல அலகால் பப்பாளியைத் தொட்டது. ஒரு துண்டை எடுத்தது, உதறியது, கீழே போட்டது. மறுபடி எடுத்து விழுங்கியது. பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள், அதற்குச் செல்லம் பறந்து போனது. கொத்து கொத்தென்று தட்டைக் காலி செய்தது. "வேலு, பாருடா! தானா திங்குதுடா!" என்று திரும்பினேன். நீ அங்கே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் கேட்டது: "அத்தை, பசிக்குது."

அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் வேலி வழியாக. அம்மா என்று குருவியைக் கூப்பிட்டதைக்கூட விழுங்கிவிட்டேன், வேலு. அவள் பெற்றவள், அது அவளுக்குச் சேர வேண்டியது. பசி யாருடையது? உலை வைத்தவள் நான், மூடி வைத்த சோறு என் பக்கத்தில் இருக்கிறது, என்னைத் தாண்டிப் போய் வேறோர் அடுப்படியில் வாயைத் திறந்தாய். உனக்கு வைத்த சோற்றை நானே எடுத்து உட்கார்ந்து தின்றேன். கோபம் வந்தால் எனக்குப் பசி கூடும். தின்றுகொண்டே அழுதேன், உறைப்பு என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

பிறகு அது கொய்யா மரங்களுக்கு வந்த கூட்டத்தோடு பழகியது. போகும், சாயங்காலம் வரும். வந்தால் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் என் தோளில் உட்காரும், ஊட்டியவள்மேலும் பட்டினி போட்டவள்மேலும் ஒரே பிரியத்தோடு. நீ கதவோரம் நின்று பார்ப்பாய். அப்போது உன் முகத்தில் இருந்த பொறாமை எனக்கு நன்றாகத் தெரிந்த பொறாமைதான், கண்ணாடி பார்ப்பது போல இருந்தது. கூப்பிட்டு உன் தோளுக்கு அதை மாற்றியிருக்கலாம், நான் மாற்றவில்லை. ஒரு புயல்மழைக்குப் பிறகு அது வரவில்லை. கூட்டத்தோடு மேற்கே போயிருக்கும். நீ மட்டும் நான் விரட்டிவிட்டதாகவே நினைத்தாய். அன்றிலிருந்து என்னிடம் இன்னும் மரியாதையாக நடந்துகொண்டாய். நீங்க, வாங்க, பரவாயில்லை, சிரமம் வேண்டாம். உன் மரியாதையைச் சாப்பிட்டுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். அதில் உப்பு இல்லை.

இப்போது நீ கட்டிக்கொள்ளப் போகிறவள்மேலும் எனக்குப் பொறாமை, அதையும் எழுதிவிடுகிறேன். கான் தெ மாஸ்க்கில் பெண் வீட்டில் நிச்சயம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் ரச வாளியோடு வந்தாள். நீ இலையிலிருந்து தலையைத் தூக்கி, அவளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாய். இன்னும் கொஞ்சம்! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாள் என்னிடம், "ஒங்க புள்ள நல்லா வாய்விட்டுக் கேட்டுச் சாப்புடுறாரே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என் இலையில் இருந்தது இறங்கவில்லை. ரசத்தில் புளி அதிகம், நான் சொல்கிறேன் என்று நினைக்காதே, உன் அப்பாவும் சொன்னார்.

ஆனால் அவளிடம் அப்படியே இரு. உனக்குச் சொல்ல எனக்கு இருக்கும் புத்திமதி இதுதான். பெண்டாட்டியிடம் அடக்கமாக இருக்காதே. வேண்டும் என்றால் கேள், போதும் என்றால் சொல், உறைத்தால் கத்து. தட்டில் போட்டதைப் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போகிறவனோடு ஒரு பெண் இருக்க முடியும், வாழ முடியாது. அவளும் உன் வீட்டுக்கு ஒன்றும் தெரியாமல்தான் வருவாள். அஞ்சலை இப்படிச் செய்வாள், அத்தை அப்படிச் செய்வாள் என்று அவள் காதில் போடாதே. சின்னம்மா இப்படிச் செய்வாள் என்று நீ சொல்லப்போவதில்லை, அதனால் அதை எழுதவில்லை. அவள் என்மேல் பொறாமைப்பட்டால் மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. என்மேலும் ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்று இருக்கட்டும்.

உன் அம்மா படையலுக்குச் சேலை வாங்கிவிட்டேன். கடையில் முதலில் மட்டமான ஒன்றைத்தான் கையில் எடுத்தேன். மட்டமாக எடுத்தால் உன் அத்தை பேசுவாள், நல்லதாக எடுத்தால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும் என்று, இருந்ததிலேயே நல்லதை எடுத்தேன். மஞ்சள் உடல், அரக்குக் கரை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மடித்து வைத்துவிட்டேன். படைத்த பிறகு அதை உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிறவளுக்குக் கொடு, அதுதான் முறை. உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று நீ சொன்னபடி அத்தையைக் கேட்டேன். "சௌசௌ கூட்டுன்னா அஞ்சலைக்கு உசுரு. வடை நல்லா முறுகலா இருக்கணும். பாயசத்துக்கு வெல்லம் அள்ளிப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத" என்றாள். எல்லாம் செய்கிறேன். அதோடு ஒரு துண்டு பழுத்த பப்பாளியும் வைக்கப்போகிறேன். அத்தை ஏன் என்று கேட்டால் கேட்கட்டும். அவள் என் கையால் தின்றவள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆற்றங்கரையில் கரகம் சோடித்து, "வா அக்கா, உன் புள்ளைக்குக் கல்யாணம்" என்று நான்தான் கூப்பிடுவேன். அதை உன் அத்தைக்கு விட்டுக்கொடுக்கமாட்டேன். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் செய்திருக்கிறேன், கூப்பிட எனக்கு உரிமை உண்டு.

பாதபூஜைக்கு உன் அத்தை உட்காரட்டும். மெய்யாகத்தான் சொல்கிறேன். அவள் உன்னைத் தூக்கி வளர்த்தவள், என் காலில் நீ மரியாதையாக ஊற்றும் தண்ணீர் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு. படையலன்று சூயாக்கில் ரயிலிறங்கி வருவாய். வழியில் கடையில் எதுவும் வாங்கித் தின்னாதே. அத்தை வீட்டுக்குள் முதலில் நுழையாதே. நேரே நம் அடுப்படிக்கு வா. நான் வடைக்கு அரைத்துக்கொண்டிருப்பேன், திரும்பிப் பார்க்கமாட்டேன். சின்னம்மா என்று கூப்பிட வேண்டாம். அம்மா என்றும் வேண்டாம், அது அவளுடையது, அவளே வைத்துக்கொள்ளட்டும். பசிக்குது என்று சொல். படையல் முடியாமல் வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்கக்கூடாது என்று உன் அத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள். அது முறைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பின்னடுப்பில் உனக்குத் தனியாகச் சோறு வடித்து வைத்திருப்பேன். நீ கேட்டுச் சாப்பிடு, இன்னும் கொஞ்சம் என்று கேள். உன் அம்மா கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.